எடுத்துக்காட்டுக்கு ஒரு மகள்

ஏப்ரல் 24

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒன்பதாவது முடித்தவர்களுக்கு லீவு விடாமல் ஸ்பெஷல் கிளாஸ். இன்று டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன். பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ். இருபத்திரண்டு வருடமாக இதை நடத்துகிறேன். இந்தத் தாலுகாவில் என்னைவிடத் தெளிவாக இதை நடத்துகிறவர் யாரும் இல்லை. தாலுகா என்று சொன்னது அடக்கத்தினால்.

என் முறையே தனி. இமயமலை உயரம், நைல் நதி நீளம் என்று புத்தகத்தில் இருப்பதெல்லாம் செத்த உதாரணங்கள். நான் பிள்ளைகளின் பெயரைப் போட்டே நடத்துவேன். 'மோனிஷா இஸ் த பிரைட்டஸ்ட் கேர்ள்' என்று எழுதினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். சிக்கல் எங்கே என்றால், மட்டமான உதாரணத்துக்கு யார் பெயரைப் போடுவது? ஒரு வருடம் ஒரு பையனை 'ஸ்லோயஸ்ட்' என்று எழுதப்போய், அவனுடைய மாமன்மார் மூன்று பேர் புல்லட்டில் வந்துவிட்டார்கள். அன்றோடு ஒரு முடிவு செய்தேன். நல்லதற்கெல்லாம் ஊரார் பிள்ளைகள். கெட்டதற்கெல்லாம் என் மகள் தர்ஷிகா. அவளுக்காகச் சண்டைக்கு வர வேண்டிய ஆள் நான்தான். நான் வரப்போவதில்லை.

தர்ஷிகா ஆறாவதிலிருந்து என்னிடம்தான் ஆங்கிலம் படித்தாள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறாள். அவள் வகுப்பில் இல்லாவிட்டாலும் உதாரணம் அப்படியே இருக்கிறது. ஓடுகிற நோட்ஸை எதற்கு மாற்றுவது?

தண்ணி கேன் இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 30

ஸ்டாஃப் மீட்டிங். எங்கள் ஸ்டார் பேர்ல் மெட்ரிக் பள்ளியின் தாளாளர் பொன்னுரங்கம் முன்னாள் நூல் வியாபாரி. நூலில் நட்டம் வந்தபோது கல்வியில் இறங்கினார். நட்டம் நின்றுவிட்டது.

"சார், மிஸ், எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஆளுக்கு அஞ்சு அட்மிசன். வீடு வீடாப் போங்க, கால்ல விழுங்க, கையப் புடிங்க, என்னமோ பண்ணுங்க. அஞ்சு இல்லாதவங்க ஜூன் மாசம் சிரமப்பட்டு ஸ்கூல் வரைக்கும் வர வேண்டாமுங்."

சிரமப்பட்டு வர வேண்டாம் என்றால் வேலை இல்லை என்று பொருள். எவ்வளவு மரியாதையான மனிதர்! கூடவே ஒரு சலுகையும் அறிவித்தார். ஸ்டாஃப் பிள்ளைகள் பிளஸ் ஒன் சேர்ந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆக எனக்கு நான்கு பிடித்தால் போதும். ஐந்தாவது வீட்டிலேயே இருக்கிறது.

மே 3

இரவு சாப்பிடும்போது தர்ஷிகா சொன்னாள், "அப்பா, நான் பிளஸ் ஒன்னுக்கு கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல சேந்துக்கட்டுங்களா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங் கண்ணு, நம்ம ஸ்கூலுக்கு என்ன?"

"சும்மாதாம்ப்பா."

காரணமே இல்லாமல் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் மாற நினைக்கிறது. இந்த வயசு அப்படி. என் மனைவி கோகிலாவைப் பார்த்தேன். அவள் எதுவும் பேசாமல் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். மெடிக்கல் ஷாப்பில் நாள் முழுக்க நின்று விற்கிறவள், வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பு இருப்பதில்லை என்று நினைக்கிறேன்.

மே 8

கேன்வாசிங். கணக்கு டீச்சர் மெட்டில்டா மிஸ்ஸும் நானும் ஒரே வேன். அவருக்கு இதுவரை மூன்று அட்மிஷன், எனக்கு இரண்டு. கணக்கு வாத்தியார்களுக்கு ஊரில் மதிப்பு அதிகம். ஆங்கிலம் பேசத் தெரிந்தவனைவிட வட்டி கணக்குப் போடத் தெரிந்தவன்தான் இந்த ஊருக்கு வேண்டும்.

ஒரு வீட்டில் நாய் துரத்தியது. மிஸ் என்னைவிட வேகமாக ஓடினார்.

மே 16

ரிசல்ட்.

மோனிஷா 489. தாளாளரின் மகன் ரித்திக் நான்கு பாடத்தில் ஃபெயில். தர்ஷிகா 371. கணக்கில் 91, ஆங்கிலத்தில் 54.

இந்த வருடம் ஆங்கிலப் பேப்பர் திருத்தியவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்தியிருக்கிறார்கள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. மெட்டில்டா மிஸ் போனில் கூப்பிட்டு, "சார், நம்ம தர்ஷிகா கணக்குல கலக்கிட்டா" என்றார். நம்ம தர்ஷிகாவாம். வீட்டுக்கு வீடு அட்மிஷன் பிடித்துப் பிடித்து எல்லோரும் நம்ம என்றே வாயில் வருகிறது.

மே 18

தாளாளர் வீட்டுக்கே வரச் சொன்னார். ஃபிளெக்ஸ் பேனர் வேலை. முன்பெல்லாம் மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று போட்டுக்கொள்ளலாம். அரசாங்கம் இடம் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. இடம் இல்லாவிட்டால் பேனருக்கு என்ன வேலை?

"சார், அந்த சூப்பர்லேட்டிவு உங்க டிப்பார்ட்மெண்ட்டுதானுங்களே. நாப்பத்தி மூணு புள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு முதலிடம் வேணும். ரெண்டாவதுங்கற வார்த்தையே பேனர்ல வரப்படாதுங்."

மூன்று டீ குடித்து முடிப்பதற்குள் நாற்பத்து மூன்று முதலிடங்கள் தயார். சூத்திரம் எளிது. வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். உலகத்தில் முதலிடம் இல்லையா? மாவட்டம். அதுவும் இல்லையா? பாலத்துக்கு இந்தப் பக்கம், பெண்களில், அறிவியலில். இப்படிச் சுருக்கினால் வட்டத்துக்குள் அந்தப் பிள்ளை மட்டும்தான் நிற்கும். முதலிடம் வராமல் எங்கே போகும்? ரித்திக்குக்கு மட்டும் நேரம் பிடித்தது. அரையாண்டில் ஐந்து பாடத்திலும் ஃபெயில், இப்போது நான்கில்தான். 'மிகப் பெரிய முன்னேற்றம்' என்று எழுதினேன். தாளாளரின் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் தர்ஷிகா. என்ன போடுவது என்று யோசித்துப் பார்த்தேன். அவள் என் வகுப்பில் ஐந்து வருடமாக ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு பதில் சொன்னதில்லை. 'மிகவும் அடக்கமான மாணவி' என்று எழுதினேன். பொருத்தமாக இருந்தது.

மே 20

பேனர் பஸ் ஸ்டாண்டில் ஏறிவிட்டது. நாற்பது அடி. தாளாளர் நடுவில் கைகூப்பிக்கொண்டு, சுற்றிலும் நாற்பத்து மூன்று முதல் மாணவர்கள்.

பத்து மணிக்கே பெற்றோர் படையெடுப்பு. "எம் பையன் 'மிக நேர்மையானவன்', பக்கத்து வீட்டுப் பையன் 'மிக அறிவாளி'யா? அப்ப எம் பையனுக்கு அறிவில்லீங்களா?" என்று ஒருவர். "எம் புள்ள போட்டோ ஏனுங்க கீழ் வரிசையில?" என்று ஒருவர். எல்லோரும் முதலிடம் என்று ஆன பிறகும் யார் ரொம்ப முதலிடம் என்று கேட்கிறார்கள். என்னிடம் படித்திருந்தால் இந்தச் சந்தேகம் வராது.

தர்ஷிகாவைக் கூட்டிப்போய் பேனரைக் காட்டினேன். பார்த்தாள். "போலாங்களா அப்பா" என்றாள். அடக்கமான பெண்தான்.

மே 22

இதை எழுதத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

ஆற்றோரத் தெருவில் ஒரு வீடு. தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஆறாவது சேர வேண்டிய ஒரு பெண் குழந்தை. அவளுடைய அம்மா எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "எங்க அக்கா பையன் உங்ககிட்டத்தானுங் சார் எட்டாவது படிக்கறான். இங்கிலீசு தண்ணி பட்ட பாடு. டேய் கவின், வாடா, சார்கிட்ட ஒப்பிச்சுக் காட்டு" என்றாள்.

பையன் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மோனிஷா இஸ் த பிரைட்டஸ்ட் கேர்ள் இன் த கிளாஸ். தர்ஷிகா இஸ் நாட் அஸ் பிரைட் அஸ் மோனிஷா. தர்ஷிகா இஸ் டல்லர் தேன் எனி அதர் கேர்ள். தர்ஷிகா இஸ் த டல்லஸ்ட் கேர்ள் இன் த கிளாஸ்" என்று மூச்சு விடாமல் சொன்னான். ஒரு பிழை இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நொடி.

சின்னப் பெண் கேட்டாள், "அண்ணா, தர்ஷிகான்னா யாரு?"

"அது யாருமில்ல. இங்கிலீசுல மக்குன்னா அப்படித்தான் சொல்லோணும். எங்க கிளாஸ்ல யாராச்சும் தப்பாச் சொன்னா, டேய் தர்ஷிகான்னுதான் கூப்புடுவோம்."

தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மெட்டில்டா மிஸ்ஸுக்குக் கேட்டுவிட்டது. என்னையே பார்த்தார்.

அந்த அம்மா ஏதோ ஞாபகம் வந்தவளாக, "சார், பஸ் ஸ்டாண்டு பேனர்ல ஒரு தர்ஷிகா இருக்குதுங்களே, அந்தப் புள்ளைங்களா இது?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. அது வேற தர்ஷிகா" என்றேன்.

அட்மிஷன் ஆகிவிட்டது. நான்காவது.

மே 23

மெட்டில்டா மிஸ் இன்று வேறு வேனில் போய்விட்டார்.

மே 26

மாலையில் கோகிலா சாதாரணமாகச் சொன்னாள். காலையில் கடைக்கு லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அரசு பெண்கள் பள்ளிக்குப் போனாளாம். கணக்கு இருக்கிற குரூப்பே கிடைத்துவிட்டதாம். பத்து நாளுக்குள் டி.சி. கொடுத்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"அவ கேட்டாளே. நீங்க சிரிச்சீங்க."

ஐந்து அட்மிஷன் பற்றிச் சொன்னேன். வேலை பற்றிச் சொன்னேன். மகளுக்குப் பதில் வேறு ஒரு பிள்ளையை இனிமேல் எங்கே போய்ப் பிடிப்பது என்று கேட்டேன். கேட்கும்போதே அது சரியான கேள்வி இல்லை என்று பட்டது. ஆனால் கேட்டுவிட்டேன்.

மே 28

தாளாளரிடம் டி.சி. பற்றி மெதுவாக எடுத்தேன். டி.சி. தராமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் தர மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை.

"தாராளமா வாங்கிக்குங்க சார். நம்ம புள்ள. ஆனா ஒண்ணு யோசிங்க. சொந்தப் புள்ளையையே இங்க சேக்க முடியாத வாத்தியாரு, ஊரான் வீட்டு வாசப்படில நின்னு என்னான்னு சொல்லிப் புள்ள கேப்பாரு? அந்த டி.சி.ல நான் கையெழுத்துப் போட்டா, உங்குளுதுலயும் சேத்துப் போட்டுருவனுங்."

காபி கொடுத்தார். குடித்தேன்.

மே 29

டி.சி. எழுதுகிற க்ளார்க் லீவு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மே 31

க்ளார்க் இன்னும் லீவு. அவருடைய நாத்தனாருக்கு வளைகாப்பு என்று நானே ஒரு விசேஷமும் வைத்தேன். காஸ் சிலிண்டர் தீர்ந்தது. புக் பண்ணினேன்.

இன்னும் ஒரு அட்மிஷன் பிடித்தால் மகள் இல்லாமலே ஐந்து ஆகிவிடும், தாளாளர் மனம் இறங்கலாம் என்று தனியாக நடந்தே பன்னிரண்டு வீடு ஏறினேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டார், "உங்க புள்ள எங்கீங்க படிக்குது?"

எங்கள் ஸ்கூலில்தான் என்றேன். எந்தக் குரூப் என்றார். பேச்சை மாற்றினேன்.

ஜூன் 3

இன்று வீட்டுக்குள் நுழையும்போதே தர்ஷிகா சொன்னாள். சத்தம் போடவில்லை. அவள் எதற்கும் சத்தம் போடுவதில்லை.

"அப்பா, க்ளார்க் அக்கா லீவுல இல்லீங்க. பேக்கரில பாத்தேன். நீங்க டி.சி. கேக்கவே இல்லைன்னு சொன்னாங்க."

வேலை போய்விடும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "எனக்குப் புரியுதுப்பா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லீருங்க. லீவு, வளைகாப்புன்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள்.

கோகிலாவிடம் பாய்ந்தேன். நீதான் அவளைத் தூண்டிவிடுகிறாய் என்றேன். கோகிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டேதான் பேசினாள்.

"ஆறாவதுல ஒரு நாளு, ஸ்கூல் வுட்டு வந்தவ ரூமுக்குள்ள போயி அழுதா. என்னடின்னு கேட்டேன். சொல்லல. மோனிஷா அம்மாதான் கடைக்கு மாத்திரை வாங்க வந்தப்ப சொன்னாங்க, உங்க வீட்டுக்காரரு கிளாஸ்ல இப்படி எழுதிப் போடறாருன்னு. நான் கேக்கறேன்னு கெளம்புனேன். இவதான் கையப் புடிச்சு இழுத்தா. 'வேண்டாம்மா, அப்பா சும்மா உதாரணத்துக்குச் சொல்றாரு, வேற புள்ளைங்களச் சொன்னா அவங்க அப்பாம்மா வந்து சத்தம் போடுவாங்கல்ல, அதுக்குத்தான்'னு உங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்தா. ஒவ்வொரு வருசமும் அதேதாங்க சொன்னா. இந்த வருசந்தான் சொல்லல."

மடித்து வைத்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினேன்.

தூக்கம் பிடிக்காது என்று தெரிகிறது. இதை எழுதி முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூன் 4

காலையில் பள்ளி திறந்ததும் தாளாளர் அறைக்குப் போனேன். ரித்திக் மூலையில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான். பேனரில் இருக்கிற அதே சட்டை.

டி.சி. வேண்டும் என்றேன். இன்றைக்கே வேண்டும் என்றேன்.

"உங்குளுதும் சேந்துதான் வரும். தெரியுமல்லங்க?"

"தெரியுங்க."

அவருக்கு நம்ப முடியவில்லை. நூல் கட்டு ஒன்று தானாக எழுந்து பேசினதுபோலப் பார்த்தார். க்ளார்க்கைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவை எடுத்தவர், போடாமல் நிறுத்தினார்.

"சார், கோவமில்லாமக் கேக்கறேன். ஏசி கிளாஸ், ஸ்மார்ட் போர்டு, பஸ்ஸு, ஸ்விம்மிங் பூலு கட்டறதுக்குக் குழி வேற எடுத்தாச்சு. நம்ம ஸ்கூல்ல இல்லாதது அப்படி என்னதான் சார் அங்க இருக்குது?"

"இல்லாததுன்னு எதுவும் இல்லைங்க" என்றேன். "இங்க இருக்கறது ஒண்ணு அங்க இல்லைங்க."

"என்னது?"

"நானுங்க."

அவருக்குப் புரியவில்லை. பணிவாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அட, அதுக்கென்னங்க சார், வேற நல்ல வாத்தியாரு இல்லாமயா போயிருவாங்க" என்று ஆறுதல் சொன்னார். சொல்லிக்கொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பேனரை மட்டும் எடுக்க முடியாதாம். சீசன் முடிகிறவரைக்கும் வாடகை கட்டியாயிற்றாம்.

வெளியே வந்தபோது ஒன்பதாம் வகுப்பில் என் நோட்ஸைத்தான் யாரோ சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன். புதிதாகச் சேர்ந்த டீச்சர், பாவம், எழுந்து நின்றுவிட்டார். போர்டில் என் மகளின் பெயர் மூன்று தடவை இருந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் டஸ்டரை எடுத்து அழித்தேன். "இந்த நோட்ஸ் தப்பு. எல்லாரும் அடிச்சிருங்க" என்றேன். கவின் எழுந்து, "சார், எதைத் தப்புன்னு அடிக்கறதுங்? கிராமரா, பேரா?" என்று கேட்டான். கெட்டிக்காரப் பையன். அவனுக்குப் பதில் சொல்ல ஒரு பீரியட் போதாது. எனக்கு இனிமேல் அங்கே பீரியட்டும் இல்லை.

வீட்டில் டி.சி.யைக் கொடுத்தேன். தர்ஷிகா பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, "உங்க வேலை?" என்றாள்.

"பாத்துக்கலாம் சாமி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். டி.சி.யை நெகிழி உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதது நான்தான்.

ஜூன் 10

பக்கத்து ஊர் மெட்ரிக்கில் இன்டர்வியூ. கிராமர் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை அட்மிஷன் கொண்டுவருவேன் என்று கேட்டார்கள்.

ஜூன் 12

வேலை இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு டியூஷன் கிடைத்திருக்கிறது. முதல் நாள் கம்பாரிசன் கேட்டார்கள். மலை, ஆறு, யானை, எறும்பு என்றே நடத்தினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். விடட்டும்.

ஜூன் 16

தர்ஷிகாவுக்கு இன்று பள்ளி முதல் நாள். வண்டியில் கூட்டிப்போனேன். பாலம் வந்ததும் தோளைத் தட்டினாள்.

"இங்கயே எறக்கி வுட்டுருங்கப்பா."

"ஸ்கூல் கேட்டு வரைக்கும் வரனே?"

"வேண்டாம்ப்பா. அங்க யாருக்கும் என்னத் தெரியாது. கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும்."

இறங்கினாள். பாலத்தின் நடுவில் பின்னால் வந்த இரண்டு பெண்கள் அவளிடம் ஏதோ கேட்டார்கள். கையை ஆட்டி ஆட்டி அவர்களுக்கு ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் ஒரு பஸ் நின்று, ஒரே நிற உடுப்பில் கும்பலாகப் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். எட்டி எட்டிப் பார்த்தேன். அதில் எது என் பிள்ளை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.